க்வெரி உள்ளே போனதும் என்ன ஆகிறது? போஸ்ட்கிரெஸ் க்வெரி ட்ரீ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்கியூஎல் எழுதத் தெரியும், க்வெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பார்க்கவும் தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டால் நிறையப் பேர் கையை விரித்துவிடுவார்கள். அந்த நடுப்பகுதியைப் பற்றித்தான் இந்தப் பக்கம். ஒவ்வொரு டேட்டாபேஸும் இதை ஒவ்வொரு விதமாகச் செய்வதால் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லை வைத்தே பேசுகிறேன், மற்றவை கடைசிக் கேள்வியில் கொஞ்சம் வரும். உதாரணங்களுக்கு இரண்டு டேபிள் போதும். 'ஊழியர்' டேபிளில் எண், பெயர், சம்பளம், துறை_எண் என்று இதே வரிசையில் நான்கு நெடுவரிசைகள். 'துறை' டேபிளில் எண், பெயர் என்று இரண்டு. எண்களும் சம்பளமும் இன்டிஜர், பெயர் டெக்ஸ்ட்.

நான் அனுப்பிய க்வெரி உள்ளே எழுத்தாகவே இருக்குமா?

இருக்காது. லாகில் காட்டுவதற்கும் பிழைச் செய்திக்கும் மூல எழுத்து கையில் இருக்குமே தவிர, வேலை நடப்பது அதை வைத்து அல்ல. எழுத்து முதலில் டோக்கன்களாக, அதாவது சொல், எண், குறி என்று சிறு துண்டுகளாக உடைகிறது, பிறகு இலக்கண விதிகளின்படி ஒரு மரமாகிறது. மரம் என்றால் சி மொழி ஸ்ட்ரக்சர்கள் ஒன்றையொன்று பாயின்டரால் பிடித்துக்கொண்டிருப்பது, அவ்வளவுதான். ஒவ்வொரு நோடின் முதல் ஃபீல்டும் 'நான் இன்ன வகை' என்று சொல்லும் ஒரு டேக். அதைப் பார்த்துத்தான் மற்ற கோட் எல்லாம் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும்.

பார்ஸ் ட்ரீ என்கிறார்கள், க்வெரி ட்ரீ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் வருவது ரா பார்ஸ் ட்ரீ. ஃப்ளெக்ஸ், பைசன் என்ற இரண்டு பழைய கருவிகளால் உருவான லெக்சரும் பார்சரும் சேர்ந்து இதைக் கட்டுகின்றன. இந்தக் கட்டத்தில் 'ஊழியர்' என்று ஒரு டேபிள் உண்மையில் இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பெயர்கள் எல்லாம் வெறும் சரங்கள். இரண்டாவது கட்டம் அனாலிசிஸ். அதில்தான் கேட்டலாகை (டேபிள், டைப், ஆபரேட்டர் விவரங்களை டேட்டாபேஸ் தனக்காக வைத்திருக்கும் சிஸ்டம் டேபிள்கள்) திறந்து பார்த்து, இந்தப் பெயர் எந்த டேபிள், இந்த நெடுவரிசையின் டைப் என்ன, இந்தக் குறிக்கு எந்த ஆபரேட்டர் என்று எல்லாம் தீர்மானமாகி, 'க்வெரி' என்ற வகை நோட் உருவாகிறது.

ஏன் இரண்டாகப் பிரித்தார்கள் என்றால், கேட்டலாகைப் படிக்க உயிரோடு ஒரு டிரான்ஸாக்‌ஷன் வேண்டும். டிரான்ஸாக்‌ஷன் நடுவில் பிழை வந்து செத்துக் கிடக்கும்போது நீங்கள் 'ரோல்பேக்' என்று அடிக்கிறீர்கள். அது ரோல்பேக்தான் என்று புரிந்துகொள்வதற்கே கேட்டலாக் வேண்டுமென்றால் அங்கிருந்து வெளியே வர வழியே இருக்காது. அதனால் முதல் கட்டம் கேட்டலாகைத் தொடவே தொடாது.

பிழைச் செய்தியை வைத்தே எந்தக் கட்டத்தில் மாட்டியது என்று சொல்லிவிடலாம். 'சின்டாக்ஸ் எரர் அட் ஆர் நியர்' என்று வந்தால் முதல் கட்டம். 'காலம் டஸ் நாட் எக்சிஸ்ட்' என்று வந்தால் இலக்கணம் சரி, அனாலிசிஸில் பெயர் கிடைக்கவில்லை. பிழைக்குக் கீழே ஒரு சின்ன கேரட் குறி சரியான இடத்தைக் காட்டுகிறதே, அது எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? நோடுகள் பலவற்றில் 'லொகேஷன்' என்று ஒரு ஃபீல்ட் இருக்கிறது, மூல எழுத்தில் எத்தனையாவது பைட்டிலிருந்து தான் வந்தேன் என்பது அதில் இருக்கும்.

சரி, அந்த க்வெரி நோடுக்குள் என்னதான் இருக்கிறது?

ஃபீல்டுகள் நிறைய. ஆனால் மூன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த க்வெரியை எடுத்துக்கொள்வோம்:

செலெக்ட் பெயர் ஃப்ரம் ஊழியர் வேர் சம்பளம் > 50000

முதலாவது ரேஞ்ச் டேபிள். க்வெரி தொடும் ஒவ்வொரு டேபிள், வியூ, சப்க்வெரி, ஃபங்ஷன், வேல்யூஸ் பட்டியல், வித் பகுதி எல்லாவற்றுக்கும் இதில் ஒரு பதிவு உண்டு, எண் 1-இலிருந்து தொடங்கும். நம் க்வெரியில் ஒரே பதிவு: ஊழியர் டேபிளின் ஓஐடி, அதாவது கேட்டலாகில் அதற்குள்ள அடையாள எண். இரண்டாவது டார்கெட் லிஸ்ட், அதாவது வெளியே வரவேண்டிய நெடுவரிசைகள். மூன்றாவது ஜாயின் ட்ரீ. ஃப்ரமில் இருப்பவை எப்படிச் சேர்கின்றன என்பதும், வேர் (WHERE) நிபந்தனையும் இங்கேதான் இருக்கும். வேர் நிபந்தனைக்குத் தனி ஃபீல்ட் இருக்கும் என்று நினைத்துத் தேடினால் கிடைக்காது, ஜாயின் ட்ரீயின் உச்சியில் உள்ள நோடுக்குள்தான் அது உட்கார்ந்திருக்கிறது.

இவை போக செலெக்டா, அப்டேட்டா, இன்செர்ட்டா என்று சொல்லும் கமாண்ட் டைப், குரூப் பை, ஹேவிங், சார்ட், லிமிட் பகுதிகள், அப்புறம் 'இதில் அக்ரிகேட் இருக்கிறது', 'இதில் சப்க்வெரி இருக்கிறது' என்று முன்கூட்டியே சொல்லும் சில கொடிகள். க்வெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் பிளானர், மரம் முழுவதையும் துழாவி நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கொடிகள்.

'பெயர்', 'சம்பளம்' என்ற வார்த்தைகள் எங்கே போயின?

எண்களாகிவிட்டன. நெடுவரிசையைக் குறிக்கும் நோட் 'வார்'. அதில் முக்கியமாக இரண்டு எண்கள்: ரேஞ்ச் டேபிளில் எத்தனையாவது பதிவு, அந்தப் பதிவில் எத்தனையாவது நெடுவரிசை. 'சம்பளம்' என்பது இனி (1, 3). 'பெயர்' (1, 2). கூடவே டைப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். நெடுவரிசை எண் 0 என்றால் முழு வரிசையையும் குறிக்கும். மைனஸ் எண் என்றால் சிடிஐடி (வரிசை டேபிளுக்குள் எங்கே இருக்கிறது என்பது) போன்ற சிஸ்டம் நெடுவரிசை.

பெயர்கள் அடியோடு தொலைந்துவிடுவதில்லை. வெளியே காட்டவேண்டிய தலைப்பு டார்கெட் லிஸ்டில் இருக்கும், ஏலியஸ் (மாற்றுப் பெயர்) ரேஞ்ச் டேபிளில் இருக்கும். ஆனால் அவை மனிதர்களுக்குக் காட்ட மட்டும். எந்த நெடுவரிசை என்று முடிவு செய்வது எண்கள்தான், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வியூ பற்றிய கேள்வியில் இதுதான் எல்லாவற்றுக்கும் பதில்.

சம்பளம் > 50000 என்பது எப்படி இருக்கும்?

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மேலே ஒரு ஆபரேட்டர் நோட், அதில் ஆபரேட்டர் எண் 521. இது 'இன்டிஜர் > இன்டிஜர்' என்பதற்கான ஓஐடி. அதை உண்மையில் கணக்கிடும் ஃபங்ஷனின் எண் 147. கீழே இரண்டு குழந்தைகள்: இடது பக்கம் வார் (1, 3), டைப் 23, அதாவது நாலு பைட் இன்டிஜர், வலது பக்கம் ஒரு மாறிலி, அதுவும் டைப் 23.

அந்த மாறிலியின் மதிப்பை லாகில் பார்த்தால் 50000 என்று இருக்காது. நீளம் 4 என்று போட்டு, அடைப்புக்குள் 80 -61 0 0 0 0 0 0 என்று இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ குப்பை என்று நினைப்பார்கள். நினைவகத்தில் உள்ள பைட்டுகளை அப்படியே ஒவ்வொன்றாக அச்சிட்டிருக்கிறார்கள், சின்ன பைட் முதலில். -61 என்பது குறியில்லாமல் 195; 195 × 256 + 80 = 50000. இன்டெல் வகை ப்ராசசரில் இப்படித் தெரியும்.

'>' என்ற ஒரே குறிக்கு கேட்டலாகில் டைப்புக்கு ஒன்றாக ஏகப்பட்ட ஆபரேட்டர்கள் உண்டு. அவற்றில் எது என்று தேர்ந்தெடுப்பதுதான் அனாலிசிஸின் கஷ்டமான வேலை என்பேன், பெயர் தேடுவதெல்லாம் அதற்கு முன்னால் சாதாரணம்.

எண் = 10 என்றால் இண்டெக்ஸ் ஓடுகிறது, எண் = 10.0 என்றால் ஓடவில்லை. ஏன்?

மேலே சொன்ன தேர்வின் நேரடி விளைவு இது. 10.0 என்று எழுதினால் அது இன்டிஜர் அல்ல, நியூமெரிக். இன்டிஜரையும் நியூமெரிக்கையும் ஒப்பிட நேரடி ஆபரேட்டர் இல்லை, அதனால் அனாலிசிஸ் இடது பக்க நெடுவரிசையைச் சுற்றி ஒரு டைப் மாற்றும் ஃபங்ஷனை வைத்துவிடுகிறது. இப்போது மரத்தில் இருப்பது 'எண்' அல்ல, 'நியூமெரிக்காக மாற்றிய எண்'. உங்கள் இண்டெக்ஸ் வெறும் எண்ணுக்குத்தான். எக்ஸ்பிளெய்னில் நிபந்தனைக்குள் ::நியூமெரிக் என்று தெரிந்தால் விஷயம் இதுதான்.

கையால் யாரும் 10.0 என்று எழுதமாட்டார்கள்தான். ஆனால் அப்ளிகேஷன் பக்கத்திலிருந்து பாராமீட்டரின் டைப் டெசிமல் என்று போனாலும் இதே கதை, அது கண்ணில் படுவதும் சிரமம். பிளானரைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். அது என்ன செய்யும், கைக்கு வந்த மரமே அப்படித்தான் வந்தது.

ஜாயின் போட்டால் ரேஞ்ச் டேபிளில் இரண்டு பதிவா?

மூன்று. ஊழியர் 1, துறை 2, ஜாயினுக்கே தனியாக ஒன்று 3. ஜாயினுக்கும் ஏலியஸ் வைக்கலாம், அதையும் டேபிள் போலக் குறிப்பிடலாம் என்பதால் அதற்கும் ஒரு இடம் தேவைப்படுகிறது. கமா போட்டு எழுதினால் ஜாயின் நோட் கிடையாது. இரண்டு டேபிளும் பக்கத்துப் பக்கத்தில் ஒரு பட்டியலில் இருக்கும், ஒப்பீடு வேர் பகுதியில் இருக்கும்.

'எது வேகம்' என்று இதை வைத்துச் சண்டை போடுவார்கள். இன்னர் ஜாயின் என்றால் பிளானர் எப்படியும் இரண்டையும் ஒரே பட்டியலாகத் தட்டையாக்கிவிடும், ஆகவே சண்டை வீண். டேபிள்கள் 8-ஐத் தாண்டும்போது மட்டும் ஜாயின்_கொலாப்ஸ்_லிமிட் என்ற அமைப்பு குறுக்கே வரும். அதன் இயல்பு மதிப்பு 8, அதற்கு மேல் நீங்கள் எழுதிய ஜாயின் வரிசைக்கு அர்த்தம் உண்டாகிவிடுகிறது.

சப்க்வெரிக்குள்ளிருந்து வெளி டேபிளைக் குறிப்பிட்டால்?

ஃப்ரமில் உள்ள சப்க்வெரி, ரேஞ்ச் டேபிள் பதிவுக்குள் ஒரு முழு க்வெரி நோடாக இருக்கும். எக்சிஸ்ட்ஸ், இன் போன்றவற்றில் வருவது 'சப்லிங்க்' என்ற நோடுக்குள் இருக்கும். எப்படியானாலும் ஒவ்வொரு க்வெரி நோடுக்கும் அதன் சொந்த ரேஞ்ச் டேபிள், எண்ணும் மறுபடி 1-இலிருந்து தொடங்கும். அப்படியானால் (1, 4) என்றால் உள் க்வெரியின் 1-ஆ, வெளி க்வெரியின் 1-ஆ? இதற்காக வார் நோடில் மூன்றாவதாக ஓர் எண் உண்டு: எத்தனை படி மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்பது. 0 என்றால் இதே க்வெரி, 1 என்றால் ஒரு படி வெளியே. கோரிலேட்டட் சப்க்வெரி என்று பெரிய பெயர் சொல்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, உள்ளே எங்காவது ஒரு வாரில் இந்த எண் 0-ஐ விடப் பெரிதாக இருக்கிறது என்பதுதான்.

செலெக்டில் இல்லாத நெடுவரிசையை வைத்து ஆர்டர் பை எப்படி வேலை செய்கிறது?

அதையும் டார்கெட் லிஸ்டில் சேர்த்துவிட்டு 'ஜங்க்' என்று முத்திரை குத்திவிடுவார்கள். வரிசைப்படுத்தும் வரை கூடவே வரும், கடைசியில் வெளியே அனுப்பும்போது கழற்றிவிடப்படும். சார்ட் பகுதி நேரடியாக எந்த நெடுவரிசையையும் சொல்வதில்லை, 'டார்கெட் லிஸ்டில் இன்ன முத்திரை எண் உள்ளது' என்று மட்டும் சொல்கிறது.

செலெக்டில் வைத்த ஏலியஸை ஆர்டர் பையில் சொல்லலாம், வேரில் சொல்ல முடியாது என்பதற்கும் காரணம் கிட்டத்தட்ட இங்கேயே இருக்கிறது. ஆர்டர் பை டார்கெட் லிஸ்டைப் பார்க்கிறது. வேர் ஃப்ரமில் உள்ளவற்றை மட்டுமே பார்க்கிறது.

இன்செர்ட், அப்டேட், டெலீட்?

அதே க்வெரி நோட்தான். மாற்றப்படும் டேபிள் எது என்று ரேஞ்ச் டேபிளின் எண்ணைச் சொல்லும் ஒரு ஃபீல்ட் கூடுதலாக நிரப்பப்பட்டிருக்கும். இன்செர்ட்டில் நீங்கள் விட்டுவிட்ட நெடுவரிசைகளுக்கு டிஃபால்ட் மதிப்பை நுழைப்பது, அனாலிசிஸுக்கு அடுத்த கட்டமாக மரத்தைத் திருத்தி எழுதும் ரீரைட்டர்.

வியூ எப்படிச் சேமிக்கப்படுகிறது? நான் எழுதிய எழுத்து ஏன் திரும்பக் கிடைப்பதில்லை?

வியூவின் எழுத்தை போஸ்ட்கிரெஸ் வைத்துக்கொள்வதே இல்லை. அனாலிசிஸ் முடிந்த மரத்தை ஒரு நீண்ட சரமாக மாற்றி, பிஜி_ரீரைட் என்ற கேட்டலாகில் போட்டுவிடுகிறது. நீங்கள் வரையறையைக் கேட்டால் அந்த மரத்திலிருந்து எஸ்கியூஎல்லைப் புதிதாக எழுதிக் கொடுக்கும். கமென்ட், வரி பிரித்த அழகு எல்லாம் போயே போச்சு. 'பிட்வீன் 1 அண்ட் 10' என்று எழுதியது >= 1, <= 10 என்று இரண்டாகி வரும். 'இன் (1, 2, 3)' என்பது '= எனி (அர்ரே...)' ஆகி வரும். மரத்தில் அவை அப்படித்தான் இருக்கின்றன.

இதிலிருந்து வியூ பற்றிய பல புதிர்கள் ஒரே அடியில் அவிழ்கின்றன. 'சம்பளம்' நெடுவரிசையின் பெயரை 'ஊதியம்' என்று மாற்றினாலும் வியூ உடையாது, ஏனென்றால் அதற்குள் இருப்பது மூன்றாவது நெடுவரிசை என்ற எண். வெளியே மட்டும் பழைய பெயரே தெரியும்; வரையறையைக் கேட்டால் 'ஊதியம் ஆஸ் சம்பளம்' என்று சொல்லும். நட்சத்திரக் குறி போட்டு வியூ உருவாக்கியிருந்தால், அது அந்த நேரத்திலேயே நெடுவரிசைப் பட்டியலாக விரிந்துவிட்டது, பிறகு டேபிளில் சேர்ப்பவை அதில் வராது. சம்பளத்தின் டைப்பை பிக்இன்டாக மாற்றப் போனால், வியூ பயன்படுத்தும் நெடுவரிசையின் டைப்பை மாற்ற முடியாது என்று முரண்டு பிடிக்கும். மரத்துக்குள் பழைய டைப் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, 521 போன்ற ஆபரேட்டர் எண்கள் அந்த டைப்புக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. வியூவை நீக்கி, டைப்பை மாற்றி, மறுபடி உருவாக்குவதைத் தவிர வழியில்லை.

நெடுவரிசையை நீக்கினால் எண்கள் நகர்ந்துவிடாதா என்று அடுத்து கேட்பீர்கள். நகராது. நீக்கியது கேட்டலாகில் 'நீக்கப்பட்டது' என்ற குறியோடு அங்கேயே கிடக்கும், அந்த எண் மறுபடி யாருக்கும் தரப்படாது. ஒரு டேபிளுக்கு அதிகபட்சம் 1600 நெடுவரிசைகள் என்ற வரம்பில் இந்த நீக்கியவையும் கணக்கில் வரும் என்பது கொஞ்சம் எரிச்சலான விஷயம்.

ஃபங்ஷன்களும் இப்படியா?

பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் எழுத்தாகவே சேமிக்கப்படுகின்றன. அதனால் நெடுவரிசையின் பெயரை மாற்றினால் வியூ தப்பிக்கும், ஃபங்ஷன் அடுத்த முறை ஓடும்போது விழும். பதிப்பு 14-இல் வந்த 'பிகின் அடாமிக்' முறையில் எஸ்கியூஎல் ஃபங்ஷன் எழுதினால் அது வியூ மாதிரியே மரமாகச் சேமிக்கப்படும். பெயர் மாற்றத்தைத் தாங்கும், சார்ந்திருப்பவற்றையும் பதிவு செய்துகொள்ளும். புதிதாக எழுதுபவர்கள் இதை ஏன் அதிகம் பயன்படுத்துவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

வியூ மேல் க்வெரி போட்டால்?

ரீரைட்டர், ரேஞ்ச் டேபிளில் வியூ இருந்த பதிவை எடுத்துவிட்டு, சேமித்து வைத்த மரத்தை சப்க்வெரியாக அங்கே வைக்கும். பிறகு முடிந்தால் பிளானர் அந்த சப்க்வெரியை மேலே இழுத்து வெளி க்வெரியோடு கலந்துவிடும். எளிய வியூக்களால் வேகம் குறைவதில்லை என்று சொல்வது இதனால்தான். உள்ளே லிமிட், குரூப் பை போன்றவை இருந்தால் அப்படி இழுக்க முடியாது.

பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்டில் எதைச் சேமிக்கிறார்கள்?

ஒருமுறை தயார் செய்து வைத்துப் பலமுறை ஓட்டும் க்வெரிதான் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட். சேமிப்பது ரா மரம், அனாலிசிஸ் முடிந்த மரம் இரண்டையும். தொடும் டேபிளில் ஏதாவது மாறினால் இரண்டாவதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ராவிலிருந்து மறுபடி அனாலிசிஸ் நடக்கும். இதில் ஒரு பொறி உண்டு: நட்சத்திரக் குறியோடு பிரிப்பேர் செய்துவிட்டு, பிறகு டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்த்தால், புது மரத்தின் வெளியீட்டு வடிவம் பழையதோடு ஒத்துப்போகாது. 'கேச்ட் பிளான் மஸ்ட் நாட் சேஞ்ச் ரிசல்ட் டைப்' என்ற புகழ்பெற்ற பிழை அதுதான். மைக்ரேஷன் ஓடிய உடனே அப்ளிகேஷனில் இது கொத்தாக வந்தால் கனெக்‌ஷன்களைப் புதுப்பித்தால் சரியாகிவிடும், நிரந்தரத் தீர்வு நெடுவரிசைகளைப் பெயர் சொல்லிக் கேட்பது.

மதிப்பு மட்டும் வேறான க்வெரிகளை பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் எப்படி ஒன்றாக எண்ணுகிறது?

எந்த க்வெரி எத்தனை முறை ஓடியது என்று கணக்கு வைக்கும் எக்ஸ்டென்ஷன் இது. எண்ணுவது எழுத்தைப் பார்த்து அல்ல. அனாலிசிஸ் முடிந்த மரத்தைச் சுற்றி வந்து ஒரு ஹாஷ் எண் கணக்கிடுகிறது. அப்போது மாறிலிகளின் மதிப்பை விட்டுவிடுகிறது. இடைவெளி, கமென்ட், பெரிய எழுத்து சின்ன எழுத்து எதுவும் மரத்தில் இல்லாததால் அவையும் தானாகவே கணக்கில் வராது.

இந்த மரத்தை என் கண்ணால் பார்க்க முடியுமா?

தாராளமாக. டீபக்_பிரிண்ட்_பார்ஸ் என்ற அமைப்பை ஆன் செய்தால் அனாலிசிஸ் முடிந்த மரம் சர்வர் லாகில் வரும். டீபக்_பிரிண்ட்_ரீரிட்டன், டீபக்_பிரிண்ட்_பிளான் என்று அடுத்தடுத்த கட்டங்களுக்கும் உண்டு. கிளையன்ட்_மின்_மெசேஜஸ் என்பதை 'லாக்' என்று வைத்தால் உங்கள் திரையிலேயே கொட்டும். ஒரு வரி க்வெரிக்கே பக்கம் பக்கமாக வரும் என்பதால் ப்ரொடக்‌ஷன் சர்வரில் இதைச் செய்ய வேண்டாம். பிஜி_ரீரைட்டில் உள்ள வியூவை நேரே செலெக்ட் செய்து பார்ப்பது இன்னும் சுலபம்.

ரா மரம் மட்டும் போதும், அதை வைத்து லின்டரோ க்வெரி ஃபார்மேட்டரோ எழுதப் போகிறேன் என்றால் லிப்பிஜி_க்வெரி என்ற நூலகத்தைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸின் சொந்த பார்சரையே பிரித்தெடுத்து, சர்வர் இல்லாமல் ஓடும்படி செய்திருக்கிறார்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷனால் எஸ்கியூஎல்லைப் பிரிக்கப் பார்ப்பவர்கள் தயவுசெய்து அதற்கு முன் இதைப் பாருங்கள். டேபிள் உண்மையில் இருக்கிறதா, டைப் என்ன என்பதெல்லாம் மட்டும் அதனிடம் கேட்க முடியாது, ஏன் என்று இரண்டாவது கேள்வியிலேயே பார்த்தாயிற்று.

உதாரணத்தில் இருப்பது போல டேபிள் பெயரைத் தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம், மரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் பெயரின் நீளம் 63 பைட்டுக்கு மேல் போனால் லெக்சர் வெட்டிவிடும். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் 21 குறியீடுகள்தான் கிடைக்கும். புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனிக் குறியீடுகள்.

மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் இரண்டிலும் இப்படித்தானா?

மரம் எல்லாவற்றிலும் உண்டு, அதை எவ்வளவு காலம் வைத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். மைஎஸ்கியூஎல் சி++ கிளாஸ்களால் கட்டுகிறது. ஒரு செலெக்ட் ஒரு 'க்வெரி பிளாக்', எக்ஸ்பிரஷன்கள் எல்லாம் 'ஐட்டம்' என்ற கிளாஸின் வாரிசுகள். வியூவை எழுத்தாகவே சேமிக்கிறது. நட்சத்திரம் அங்கேயும் உருவாக்கும்போதே விரிந்துவிடும். ஆனால் நெடுவரிசையின் பெயரை மாற்றினால் அதைப் பயன்படுத்திய வியூ உடைந்துபோகும்.

எஸ்கியூலைட்டில் மரத்துக்கு ஆயுள் ரொம்பக் குறைவு. லெமன் என்ற சொந்தப் பார்சர் ஜெனரேட்டரால் மரத்தைக் கட்டி, அதிலிருந்து பைட்கோட் உருவாக்கி, ஓடுவதெல்லாம் அந்த பைட்கோட்தான். வெறும் எக்ஸ்பிளெய்ன் போட்டால் அந்த பைட்கோட் பட்டியலையே காட்டும். டேபிள், வியூ எல்லாம் நீங்கள் எழுதிய எழுத்தாகவே ஃபைலுக்குள் இருக்கும், ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு கனெக்‌ஷனும் அதை மறுபடி படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். நெடுவரிசையின் பெயரை மாற்றும் வசதி அங்கே 2018-இல், 3.25 பதிப்பில்தான் வந்தது. அந்தப் பெயர் வரும் வியூ, டிரிகர் எல்லாவற்றின் எழுத்துக்குள்ளும் புகுந்து சரியான இடத்தில் மட்டும் அது திருத்தி எழுதுகிறது. போஸ்ட்கிரெஸில் இதற்கு, நெடுவரிசைகளுக்கான கேட்டலாகான பிஜி_அட்ரிப்யூட்டில் உள்ள பெயர் மாறினால் போதும், எந்த வியூவையும் தொட வேண்டியதில்லை.